முன்கதை ஏன் பின்னால் வருகிறது?

ராமநாதபுரம் கடற்கரை ஊர்களில் 'படம் ரிலீஸ் ஆகிவிட்டதா' என்று ஒரு காலத்தில் யாரும் கேட்டதில்லை. 'பெட்டி வந்துவிட்டதா' என்றுதான் கேட்பார்கள். படச்சுருள் தகரப் பெட்டியில் மதுரையிலிருந்து கிளம்பி, பரமக்குடியைத் தாண்டி வந்து இறங்க வேண்டும். சினிமா வியாபாரத்தில் எங்கள் பக்கத்துக்கு 'எம்.ஆர். ஏரியா' என்று பெயர். மதுரையும் ராமநாதபுரமும் சேர்ந்த விநியோகப் பகுதி அது. பெயரில்தான் இரண்டும் சேர்ந்திருந்தன. மதுரையில் ஓடி, கோடு விழுந்து, நடுநடுவே வெட்டி ஒட்டிய பெட்டிதான் கடற்கரைப் பக்கம் வந்து சேரும். ஆங்கிலப் படமென்றால் அதுவும் நிச்சயமில்லை. ஆகவே எங்களுக்கு ஒரு படத்தின் வெளியீட்டுத் தேதி என்பது சுவரொட்டியில் அச்சடித்த தேதி அன்று. கொட்டகை வாசலில் பெட்டி இறங்கிய நாள்.

அந்தக் காலத்துக்காரன் என்பதால், இன்றைய பிள்ளைகள் வெளியீட்டுத் தேதியைப் பற்றிக் கேட்கும் கேள்விகள் எனக்குப் புதிராகவும் வேடிக்கையாகவும் இருக்கின்றன. மண்டபத்தில் மாலை நேரத்தில் இயற்பியல் சொல்லிக்கொடுக்கிறேன். என்னிடம் படித்து இப்போது கல்லூரிக்குப் போய்விட்ட ஒருவன், விடுமுறையில் வந்திருந்தபோது ஒரு கணக்கைக் கொண்டுவந்து வைத்தான். "சார், 'ஏலியன்' முதல் படம் வந்தது 1979. அதன் கதை நடப்பது 2122-இல். 2012-இல் வந்த 'புரோமிதியஸ்' 2093-இல் நடக்கிறது. 2025-இல் வந்த 'ஏலியன்: எர்த்' தொடர் 2120-இல் நடக்கிறது. நான் எதிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்?"

நியாயமான குழப்பம். 'ஏலியன்' என்பது விண்வெளியில் மனிதர்களைக் கொல்லும் வேற்றுலக ஜந்து ஒன்றைப் பற்றிய ஹாலிவுட் படவரிசை; 'புரோமிதியஸ்' அந்த வரிசையோடு சேர்ந்தது. கதைக்கு ஒரு காலண்டர், கொட்டகைக்கு ஒரு காலண்டர் என்று இரண்டு ஓடுகின்றன. ப்ரீக்வல் என்று சொல்லப்படும் முன்கதைப் படம் இந்த இரண்டு காலண்டர்களையும் எதிரெதிராகத் திருப்பி வைக்கிறது. ரசிகர்கள் கேட்கும் கேள்விகளில் பாதி இங்கிருந்துதான் பிறக்கின்றன. 'புரோமிதியஸ்' படத்தையே எடுத்துக்கொள்கிறேன். முன்கதைப் படம் ஒன்றைப் பற்றி எழக்கூடிய எல்லாக் கேள்விகளும் அதைச் சுற்றி எழுந்துவிட்டன.

முதல் கேள்வி, இது முன்கதைதானா என்பதே. விடை சொல்ல வேண்டியவர்களே அதில் வழுக்கினார்கள். 2009-இல் 'ஏலியன்' படத்தின் முன்கதையாகத்தான் திட்டம் தொடங்கியது. முதல் படத்தை இயக்கிய ரிட்லி ஸ்காட்டே இதையும் இயக்குவது என்று முடிவானது. ஜான் ஸ்பைட்ஸ் திரைக்கதை எழுத, பிறகு டேமன் லிண்டலாஃப் அதைத் திருத்தி எழுதினார். 2011 ஜனவரியில் பெயரே மாறியது. தலைப்பில் 'ஏலியன்' இல்லை. கிரேக்கப் புராணத்தில் தேவர்களிடமிருந்து நெருப்பைத் திருடியவனின் பெயர் வந்து உட்கார்ந்தது. பழைய படத்தின் மரபணு இதில் இருக்கும், ஆனால் இது தனிக்கதை என்ற பாணியில் இயக்குநர் பேசத் தொடங்கினார். ரசிகர்கள் இதைப் பூசி மெழுகல் என்றார்கள். எனக்கு அதில் வியாபாரக் கணக்குத்தான் தெரிகிறது. முன்கதை என்று சொன்னால், 33 ஆண்டுகளுக்கு முந்தைய படத்தைப் பார்க்காத இளைஞன் 'இது நமக்கில்லை' என்று ஒதுங்கிவிடுவான். முன்கதை இல்லை என்று சொன்னால், பழைய ரசிகன் வர மாட்டான். இரண்டு பேரையும் கொட்டகைக்குள் உட்கார வைக்க வேண்டுமானால் ஆமென்றும் சொல்லாமல் இல்லையென்றும் சொல்லாமல் நிற்க வேண்டியதுதான்.

அடுத்தது தேதி. முதலில் 2012 மார்ச் என்று அறிவித்து, பிறகு ஜூனுக்குத் தள்ளினார்கள். அந்த ஜூனும் எல்லோருக்கும் ஒன்றாக இல்லை. பிரான்சில் மே 30, பிரிட்டனில் ஜூன் 1, அமெரிக்காவில் ஜூன் 8, ஜப்பானில் ஆகஸ்ட் 24. அமெரிக்கப் படம் அமெரிக்காவுக்கே பிந்தி வருவதா என்று அங்குள்ள ரசிகர்கள் பொருமினார்கள். பெரிய சூழ்ச்சி எதுவும் இல்லை. பிரான்சில் புதுப்படங்கள் புதன்கிழமையில் வெளியாவது வழக்கம். 2012 மே 30 புதன்கிழமைதான். அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் வெள்ளிக்கிழமை. ஒவ்வொரு நாட்டிலும் பள்ளி விடுமுறை, பண்டிகை, அந்த வாரத்தில் மோதும் மற்றப் படங்கள் என்று பார்த்து விநியோகஸ்தர்கள் தேதி குறிக்கிறார்கள். ஜப்பானில் வெளிநாட்டுப் படங்கள் மாதக்கணக்கில் பிந்துவது அப்போதெல்லாம் சாதாரணம். தீபாவளிக்கு நான்கு படம் மோதும்போது ஒன்று பொங்கலுக்கு ஒதுங்குவதை வருடாவருடம் பார்க்கிற நமக்கு இதில் வியப்படைய என்ன இருக்கிறது?

இன்று பெட்டி கிடையாது. படம் கோப்பாகக் கொட்டகைக்கு முன்கூட்டியே வந்து பூட்டிக் கிடக்கும். அதைத் திறக்கும் டிஜிட்டல் சாவி தனியாக வரும். இந்தத் திரைக்கு, இந்த நேரத்திலிருந்து இந்த நேரம் வரை என்று அந்தச் சாவியிலேயே எழுதியிருக்கும். ஆகவே முதல் காட்சி தாமதமானால் 'சாவி வரவில்லை' என்கிறார்கள். பெட்டி போய்ச் சாவி வந்தது. வாசலில் காத்திருப்பது மட்டும் மாறவில்லை.

தமிழில் வருமா என்பது எங்கள் பக்கத்தில் முக்கியமான கேள்வி. தமிழ்க் குரல் கொடுத்த பதிப்பு இல்லையென்றால் ராமநாதபுரத்தில் ஆங்கிலப் படம் ஒரு காட்சிக்குமேல் தாங்காது. மதுரைக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் பஸ்ஸில் போக வேண்டும். மொழிமாற்றப் பதிப்பு இந்தியச் சட்டப்படி தனிப்படம் மாதிரி. தணிக்கை வாரியத்திடம் அதற்குத் தனியாகச் சான்றிதழ் வாங்க வேண்டும். ஆங்கிலப் பதிப்பு வெள்ளியன்று வந்து, தமிழ்ப் பதிப்பு பின்தங்கினால் இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். தம்பியையும் அழைத்துப் போகலாமா என்பதற்கும் அந்தச் சான்றிதழில்தான் விடை. 'ஏ' என்றால் 18 நிரம்பியவர்களுக்கு மட்டும். 2024-இல் வந்த புதிய விதிகளின்படி 'யு/ஏ' பிரிவை 7, 13, 16 வயது என மூன்றாகப் பிரித்திருக்கிறார்கள். அது பெற்றோருக்கான எச்சரிக்கை; வாசலில் தடுக்கும் பூட்டு அன்று. 'புரோமிதியஸ்' அமெரிக்காவில் 'ஆர்' சான்றிதழுடன் (17 வயதுக்குட்பட்டவர்கள் பெரியவர் துணையோடுதான் பார்க்கலாம்) வந்தது, பிரிட்டனில் 15 வயதுக்கு மேல். வெளியாவதற்குமுன் ரசிகர்கள் மாதக்கணக்கில் கவலைப்பட்டது இதைப் பற்றித்தான்: சிறுவர்களும் பார்க்கலாம் என்று படத்தை மழுக்கிவிடுவார்களோ என்று. மழுக்கவில்லை. அதில் வரும் அறுவைச் சிகிச்சைக் காட்சியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

கொட்டகைக்கே வராமல் நேராக வீட்டுத் திரைக்குப் போன முன்கதையும் உண்டு. மனிதர்களை வேட்டையாடும் வேற்றுலக ஜந்தைப் பற்றிய 'பிரிடேட்டர்' வரிசையில் 1719-இல் நடப்பதாக எடுத்த 'பிரே' 2022 ஆகஸ்டில் இணைய வழியில்தான் வெளியானது. அமெரிக்கப் பழங்குடிகளான கமாஞ்சி இனப் பெண் ஒருத்தியின் கதை. முழுப்படத்துக்கும் கமாஞ்சி மொழியிலேயே குரல் கொடுத்து ஒரு பதிப்பும் வெளியிட்டார்கள். மிகச் சிலரே பேசும் ஒரு மொழிக்கு அந்த மரியாதை கிடைத்ததைப் படித்தபோது, தமிழ்ப் பதிப்பு வருமா வராதா என்ற எங்கள் வாராந்தர அங்கலாய்ப்பு சற்று அற்பமாகத் தோன்றியது.

இனிமேல் சொல்லப்போவது கதைக்குள் போகும். படம் பார்க்காதவர்கள் சில பத்திகளைத் தாண்டிப் போய்விடலாம்.

1979 படத்தில் ஒரு காட்சி உண்டு. விண்கலத்து ஆட்கள் மூவர் ஒரு பாழ்நிலவில் இறங்கி, இடிந்து கிடக்கும் வேற்றுலகக் கலம் ஒன்றுக்குள் நுழைகிறார்கள். நடுக்கூடத்தில் பெரிய பீரங்கி மாதிரி ஒரு கருவி. அதில் சாய்ந்தபடி ராட்சத எலும்புக்கூடு. கல்லாகிப் போயிருக்கிறது. நெஞ்செலும்புகள் உள்ளிருந்து வெளியே வெடித்து வளைந்திருக்கின்றன. ஸ்விட்சர்லாந்துக்காரரான ஓவியர் எச்.ஆர். கிகர் வடிவமைத்தது அது. உருவம் இன்னும் பிரம்மாண்டமாகத் தெரிய வேண்டும் என்பதற்காக, சிறுவர்களுக்கு விண்வெளி உடை மாட்டி அதன் பக்கத்தில் நிறுத்திப் படமெடுத்தார்கள். ரிட்லி ஸ்காட்டின் மகன்களும் அவர்களில் இருந்தார்கள். காட்சி சில நிமிடம்தான். அது யார், எங்கிருந்து வந்தது, எதைச் சுமந்துகொண்டு எங்கே போனது என்று படம் ஒரு வார்த்தை சொல்லாது. அடுத்து வந்த மூன்று படங்களும் சொல்லவில்லை.

எனக்கு இந்தக் காட்சி தனுஷ்கோடிதான். பவளக்கல்லில் கட்டிய தேவாலயம் கூரையில்லாமல் நிற்கிறது. பக்கத்தில் மணலுக்குள் பாதி புதைந்த கட்டடங்கள். சிப்பி மாலையும் சங்கும் விற்கும் கடைகளைத் தாண்டி வரும் பயணிகள் அந்தச் சுவருக்கு முன்னால் கொஞ்சம் தணிந்த குரலில் பேசுவார்கள். பிறகு கேட்பார்கள்: இங்கே முன்பு என்ன இருந்தது? 1964 டிசம்பர் 22 இரவு புயலைப் பற்றியும், பாம்பனிலிருந்து வந்த ரயில் பயணிகளோடு அடித்துச் செல்லப்பட்டதைப் பற்றியும் யாராவது சொல்வார்கள். அதற்கும் முந்தையது பிறகுதான் வரும். சென்னையிலிருந்து கொழும்புக்கு ஒரே டிக்கெட்டில் போன 'போட் மெயில்', இங்கிருந்து தலைமன்னாருக்கு ஆள் ஏற்றிப்போன 'இர்வின்', 'கோஷன்' கப்பல்கள், சுங்கச் சாவடி, தபால் நிலையம். ஊரின் கதையை யாரும் முதலிலிருந்து கேட்பதில்லை. இடிபாட்டைப் பார்த்த பிறகே முன்கதையின் மேல் ஆசை வருகிறது.

33 ஆண்டு கழித்து ஸ்காட் செய்ததும் அதைத்தான். அந்த எலும்புக்கூடு யாருடையது என்று கேட்டுக்கொண்டு படமெடுத்தார். ரசிகர்களும் அதற்கான விடையை வாங்கத்தான் டிக்கெட் எடுத்தார்கள். இங்கேதான் கோளாறு நடந்தது. படம் முடியும்போது ஒரு வேற்றுலகக் கலம் விழுந்து கிடக்கிறது. ஒரு ராட்சதன் செத்துக் கிடக்கிறான். 1979 படத்தின் இடிபாடு இதுதான் என்று கொட்டகையைவிட்டு வெளியே வந்தவர்கள் பலர். அது தவறு. 1979 படத்தின் நிலவு எல்வி-426. இது எல்வி-223. அங்கே இறந்தவன் இருக்கையில் இருக்கிறான். இங்கே இறப்பவன் கலத்தைவிட்டு வெளியேறி வேறோர் இடத்தில் விழுகிறான். இடமும் வேறு, பிணமும் வேறு.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. 2093-க்கும் 2122-க்கும் நடுவே 29 வருடம். எந்த எலும்பும் 29 வருடத்தில் கல்லாகாது. 60 வருட உப்புக்காற்றைத் தின்ற தனுஷ்கோடிச் சுவரே இன்னும் கல் கல்லாக எண்ணும்படி நிற்கிறது. ஆகவே எல்வி-426-இல் இருந்த ராட்சதன் அதற்கு எவ்வளவோ காலம் முன்பே செத்திருக்க வேண்டும். 2012 படம் அவன் இனத்தைக் காட்டியதே தவிர, அவனைக் காட்டவில்லை.

காட்டிய விதத்திலும் பழைய ரசிகர்களுக்கு மனக்குறை உண்டு, எனக்கும்தான். தும்பிக்கை மாதிரித் தொங்கிய அந்த முகம் வெறும் தலைக்கவசம் என்றும், உள்ளே இருப்பவன் வெளுத்த தோலுடைய, மனிதனைவிட ஓரிரண்டு அடி உயர்ந்த ஆள் என்றும் புதுப்படம் சொன்னது. பழைய படத்தில் பையன்களைப் பக்கத்தில் நிறுத்திப் பெரிதாக்கிய உருவம், காரணம் சொல்லச் சொல்லச் சிறுத்துப்போனது. ஐஸ்லாந்தின் டெட்டிஃபாஸ் அருவி விளிம்பில் தொடங்கும் முதல் காட்சியின் அழகுக்காக இதைப் பொறுத்துக்கொண்டேன். முழுக்க முப்பரிமாணக் கேமராவிலேயே எடுத்த படம் என்பதால், அந்தக் காட்சியை மட்டுமாவது கண்ணாடி மாட்டிக்கொண்டு பார்த்திருக்க வேண்டும்.

அறிவியல் புனைவில் அறிவியல் எவ்வளவு என்றும் பையன் கேட்டான். ஒரு பெண் அதிகாரி, பூமியின் ஆண்கள் அனைவரையும்விட்டு ஐம்பது கோடி மைல் தள்ளி வந்திருப்பதாக ஒரு வசனம் பேசுகிறார். ஐம்பது கோடி மைல் என்றால் 80 கோடி கிலோமீட்டர். சூரியனிலிருந்து வியாழன் இருக்கும் தூரமே ஏறத்தாழ 78 கோடி. இவ்வளவு செலவு செய்து, இரண்டு வருடம் தூங்கி, வியாழனைச் சற்றுத் தாண்டியிருக்கிறார்கள்! படம் வந்த உடனே வானியலாளர் நீல் டிகிராஸ் டைசன் இதைச் சொல்லிக் கேலி செய்தார். நான் இதை வகுப்பில் அலகு மாற்றும் கணக்காகக் கொடுத்து வருகிறேன். பிள்ளைகள் எந்தப் பாடநூல் கணக்கையும் இவ்வளவு ஆசையாகப் போட்டதில்லை.

படம் வருவதற்குமுன் இணையத்தில் உலவிய சிறு காணொளிகள் படத்தில் உண்டா என்பது இன்னொரு கேள்வி. 2023-இல் நடப்பதாகக் காட்டிய மேடைப்பேச்சில் வேலண்ட் என்ற கோடீஸ்வரனாக நடிகர் கை பியர்ஸ் முழங்குவாரே, அது படத்தில் இல்லை. விளம்பரத்துக்கென்றே எடுத்தது. அந்த இளைஞனைத் தேடிப் படம் முழுக்கக் காத்திருந்தவர்கள், படத்தில் கிழவேடத்தில் அவரைப் பார்த்து ஏமாந்தார்கள்.

பழைய படத்து ஜந்து இதில் வருமா? கடைசியில் அதன் ஒன்றுவிட்ட சகோதரன் மாதிரி ஒன்று எட்டிப்பார்க்கிறது, அவ்வளவுதான். ஓர் உயிரின் உடம்புக்குள் இன்னோர் உயிர் வளர்வதுதான் இந்த வரிசையின் மூல பயம். இந்தப் பயம் எங்கள் கரையில் கொஞ்சம் செல்லுபடியாகாது. பக்கத்து வீட்டு அக்கா மீன் ஆய்ந்துகொண்டிருந்தபோது ஒருநாள் பார்த்தேன். செவுளைக் கிள்ளி எறிந்துவிட்டு வாயை விரலால் பிளந்தார். உள்ளே நாக்கு இருக்கும் இடத்தில் வெளுத்த ஓட்டோடு ஒன்று உட்கார்ந்திருந்தது. இரண்டு வரிசைக் கால், கறுப்புப் புள்ளியாக இரண்டு கண். நண்டு, இறால் உறவுக் கூட்டத்தைச் சேர்ந்த ஒட்டுண்ணி. மீனின் இரத்தத்தைக் குடித்து அங்கேயே குடியிருப்பது. கால்களால் அது தசையைப் பற்றியிருந்ததால் பிடுங்கும்போது மெல்லிய சத்தம் கேட்டது. அக்கா அதைக் காக்கைக்குச் சுண்டிவிட்டு, "குழம்புக்கா வறுவலுக்கா தம்பி?" என்றார். கிகரின் படத்தைக் காட்டினால் அவர் அரிவாள்மனையிலிருந்து தலையைத் தூக்குவாரா என்பது சந்தேகம்தான்.

சரி, எதை முதலில் பார்ப்பது? கதை நடந்த வரிசையில் பார்ப்பதே ஒழுங்கு என்று வாதிடுகிறவர்கள் உண்டு. ஒழுங்காகத்தான் இருக்கும், படம்தான் செத்துப்போகும். 'ஸ்டார் வார்ஸ்' வரிசையை எடுத்துக்கொள்ளுங்கள். 1999-இல் வந்த, கதைப்படி 'முதல்' பாகத்திலிருந்து தொடங்குகிறவனுக்கு, 1980 படத்தில் வெடிக்க வேண்டிய உறவு ரகசியம் பழஞ்செய்தி ஆகிவிடும். அந்த ரகசியம் என்னவென்று இங்கே எழுத மாட்டேன். இன்னும் அறியாமல் யாரோ ஒருவர் இருப்பார், அவர் பாக்கியசாலி.

சிலப்பதிகாரத்தில் மதுரை எரிந்தபின் மதுராபதித் தெய்வம் கண்ணகிக்குப் பின்னால் வந்து நின்று கோவலனின் முற்பிறப்பைச் சொல்கிறது. சிங்கபுரத்தில் பரதன் என்ற பெயரோடு இருந்தபோது, சங்கமன் என்ற வணிகனை ஒற்றன் என்று சொல்லிக் கொல்ல வைத்தான். சங்கமன் மனைவி நீலி இட்ட சாபம்தான் இப்போது விளைந்தது என்கிறது. இது முன்கதைதானே? அந்தப் பகுதிக்குக் கட்டுரை காதை என்று பெயர், 23-ஆம் காதை. இதைத் தூக்கிப் புகார்க் காண்டத்தின் தொடக்கத்தில் வைத்துப் பாருங்கள். கோவலன் வெட்டுப்படும்போது 'செய்த வினைக்குப் பட்டான்' என்று வாசகன் ஏட்டை மூடிவிடுவான். கண்ணகியின் சிலம்பு அரசவையில் உடையும்போது வாசகனின் நெஞ்சில் எதுவும் உடையாது. எல்லாம் எரிந்து முடிந்தபின் வருவதால்தான் அந்த முன்கதை விளக்கமாக மட்டும் நிற்கிறது. கண்ணகியின் கோபத்தில் ஒரு துளியைக்கூட அதனால் அணைக்க முடியவில்லை.

'புரோமிதியஸ்' படமும் முடிவை அறிந்தவனுக்காக எடுத்ததுதான். 1979 படத்தைப் பார்க்காதவனுக்கு அந்தத் தலைக்கவசம் கழலும் காட்சியில் என்ன இருக்கிறது? ஒரு தொப்பி கழல்கிறது. ஆகவே வெளியான வரிசையில் பாருங்கள் என்பதே என் கட்சி. விலக்கும் உண்டு. 2016 டிசம்பரில் வந்த 'ரோக் ஒன்', 1977-இல் வந்த முதல் 'ஸ்டார் வார்ஸ்' தொடங்குவதற்குச் சற்றுமுன் முடிகிறது. இரண்டையும் எப்படி மாற்றிப் பார்த்தாலும் கெட்டுப்போவதில்லை. ஆனால் அது இடிபாட்டைத் தோண்டும் படமில்லை. பழைய படத்தின் தொடக்க எழுத்துகளில் இரண்டு வரியாகக் கிடந்த ஒரு திருட்டை விரித்துச் சொன்ன படம்.

பெயர்கள் செய்யும் குழப்பத்துக்கு யார் பொறுப்பு என்று தெரியவில்லை. 2022-இல் வந்த 'காந்தாரா' படத்துக்கு 2025 அக்டோபரில் முன்கதையாக 'அத்தியாயம் 1' வந்தபோது, டீக்கடையில் ஒரு பெரியவர் "அப்படியானால் நான் மூன்று வருடத்துக்கு முன் பார்த்தது என்ன?" என்று உண்மையாகவே கோபப்பட்டார். அங்கே யாராலும் அவருக்குச் சட்டென்று பதில் சொல்ல முடியவில்லை.

'புரோமிதியஸ்' படத்தின் தொடர்ச்சி 2017-இல் 'ஏலியன்: கவனன்ட்' என்று வந்தது. கழற்றி எடுத்த பழைய பெயரைத் திரும்ப ஒட்டியாகிவிட்டது. அதிலும் அந்த இருக்கையில் இருந்தவன் யாரென்ற கேள்விக்கு நேர் விடை இல்லை.

பையனுக்கு 1979 படத்தை மட்டும் பார்க்கச் சொல்லி அனுப்பினேன். இரவில், கைபேசியில் வேண்டாம், வீட்டுத் தொலைக்காட்சியில் விளக்கணைத்துப் பார் என்று சொன்னேன். நான்கு நாள் கழித்து, பாம்பன் பாலத்தடியில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தவன் என்னைக் கண்டதும் எழுந்து வந்தான். ஜந்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

"சார், அந்த நாற்காலியில் செத்துக் கிடந்தானே, அவன் யார்?"